கருக்கட்டாது பிறக்கும் முளையம்: தேசி விதை முதல் நெல் விதை வரை

வித்து மண்ணில் விழுந்தால் முளைக்கும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், அவ்வித்தினுள்ளே முளைப்பது யாது, அது எங்கிருந்து வந்தது, பூவும் மகரந்தமும் இன்றி அதனைப் பெற இயலுமா என்னும் வினாக்கள் அண்மைக் காலத்திலேயே விடை கண்டவை. அவ்விடைகள் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியனவல்ல. நல்ல தென்னையொன்றின் காயை நட்டும் நல்ல தென்னை கிட்டாது ஏமாந்தவர்க்கும், சென்ற போகத்தில் அள்ளித் தந்த கலப்பின மிளகாயின் விதையை எடுத்து விதைத்து ஒன்றுக்கொன்று ஒவ்வாத செடிகளைக் கண்டவர்க்கும் அவை நேரே உரியவை.

தொண்டைமானாற்றுப் பகுதியில் இவ்விடயம் மேலும் நெருக்கமானது. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே கிடக்கும் இந்நீரேரியின் கரைகளில் ஒருபால் உவர் நிலம், மறுபால் கிணற்று நீரால் விளையும் தோட்டம். உப்புக் கொண்டு செல்லும் பொருட்டுச் சோழர் காலத்துத் தொண்டைமான் ஒருவன் இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது ஊர் மரபு. கடல்நீர் உட்புகாது தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்குடன் ஆற்றுமுகத்தில் 1950களில் அணை கட்டப்பட்டது. அவ்வாறாயினும், வல்லைவெளியை அடுத்த வயல்களில் மாரி பொய்த்த ஆண்டுகளில் உவர் மேலெழுவதைக் கமக்காரர் அறிவர். இத்தகைய நிலத்திலே, பயிரின் இனம் சிறிது பிழைத்தாலும் நட்டம் பெரிது. ஆகவே, தாய்ச் செடியின் குணத்தை வழுவாது பிள்ளைக்குக் கொண்டு செல்லும் வழி எதுவாயினும் அதனைத் தெரிந்து வைத்தல் பயனுடையது. அவ்வழிகளுள் ஒன்றே உடற்கலங்களிலிருந்து முளையம் தோன்றச் செய்தல்.

வித்தும் முளையமும்

நெல்மணியை நெடுக்காகப் பிளந்து நோக்கின், அதன் ஓர் ஓரத்தில் சிறு வெண்புள்ளி போன்ற பகுதி காணப்படும். அதுவே முளையம். எஞ்சிய மாப்பகுதி முளையத்துக்கென வைக்கப்பட்ட உணவு. முளையத்தில் ஒரு முனையில் முளைவேரும் மறுமுனையில் முளைத்தண்டும் முன்னரே அமைந்திருக்கும். செடி முழுவதும் அச்சிறு உருவில் அடங்கியுள்ளது.

இம்முளையம் இயல்பாகத் தோன்றுவது கருக்கட்டலால். மகரந்தத்தின் ஆண்கலம் பூவின் சூல்வித்தினுள் இருக்கும் முட்டைக்கலத்தோடு கூட, இரண்டும் ஒன்றாகிய கலம் பிரிந்து பிரிந்து முளையமாகிறது. தாயின் பாதியும் தந்தையின் பாதியும் அதிற் கலந்துள்ளன. ஆதலால் பிள்ளை தாயை முற்றாக ஒத்திராது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவது. அதனால் வித்தில் வேறுபாடு குறைவு. நெட்டைத் தென்னையோ அயல் மரத்து மகரந்தத்தை ஏற்பது. நற்குலை தள்ளும் தென்னையின் நூறு காய்களை நட்டால், நூறு கன்றும் நூறு விதமாதல் இதனாலேயே.

வெட்டித்தண்டும் பதியமும் ஒட்டும் இக்குறையை நீக்க முன்னோர் கண்ட வழிகள். முருங்கைத் தடியும், வாழைக்குட்டியும், ஒட்டுமாங்கன்றும் தாயின் உடற்பகுதியிலிருந்தே வருவதால் தாயின் குணம் மாறாது வருகின்றது. எனினும் தென்னைக்கும் பனைக்கும் கிளையில்லை; குட்டியில்லை; ஒட்டவும் இயலாது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

தேசி விதை தரும் பாடம்

இவ்வழியை மனிதன் கண்டுபிடித்தான் என்று கூறுவது முழு உண்மையன்று. இயற்கை அதனைத் தேசி மரத்தில் நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. தேசிக்காயின் விதையொன்றை நாற்றுமேடையில் இட்டால், சில வேளைகளில் ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள் எழுவதைத் தோட்டக்காரர் கண்டிருப்பர். ஒல்லாந்து நாட்டவரான லீவன்ஹூக் 1719ஆம் ஆண்டிலேயே தோடை விதையில் இதனைக் கண்டு எழுதினார். காரணம் விளங்கியது 1878இல். ஜேர்மனியரான ஸ்திராஸ்பேகர் என்னும் தாவரவியலறிஞர், அம்முளையங்களுள் ஒன்று மட்டுமே கருக்கட்டலால் வருவதெனவும், மற்றவை சூல்வித்தின் உட்சுவரிலுள்ள தாயின் உடற்கலங்களே முளையங்களாக மாறுவதால் வருவனவெனவும் காட்டினார்.

அதாவது, தேசி விதையில் எழும் பல கன்றுகளுட் பெரும்பாலானவை தந்தையில்லாப் பிள்ளைகள். தாயின் நேர்ப் பிரதிகள். தோடையும் தேசியும் இவ்வியல்புடையன. பம்பளிமாசு அவ்வாறன்று; அதன் விதையில் ஒரு முளையமே உண்டு. மாவிலும் இரு வகையுண்டு. யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த வெள்ளைக்கொழும்பான், இந்திய நூல்களிற் பல்முளைய இனமாக எண்ணப்படுவது. இத்தகைய இனத்தின் கன்றுகள் ஒரே சீராக வளர்வதால் ஒட்டுக்கு வேர்க்கட்டையாக வைக்க ஏற்றவை.

இதனால் தேசிக்கன்று வளர்ப்போர்க்கு இரு பயன்களும் ஒரு குறையும் உண்டு. முதற் பயன், கன்றுகளின் ஒருமைப்பாடு. இரண்டாவது, மரத்தைத் தொற்றியுள்ள வைரசு நோய்களுட் பெரும்பாலானவை விதை வழியே செல்வதில்லை. ஆதலால் நோயுற்ற தாயிலிருந்தும் சுத்தமான கன்றைப் பெறக்கூடும். குறை யாதெனின், இக்கன்றுகள் இளமைக்குணம் மீண்டவை. முள் மிகுந்து, காய்க்கப் பிந்தும். விரைவில் காய் வேண்டுவோர் அவற்றின்மீது ஒட்டுக் கட்டுதல் நன்று.

கரட் கிழங்கும் இளநீரும்

சூல்வித்தின் கலம் முளையமாகலாம் எனின், வேரின் கலமோ இலையின் கலமோ ஆகக்கூடாதா? 1902ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டு அறிஞர் ஹாபலாண்ட், செடியின் எக்கலமும் முழுச் செடியாக வளரும் ஆற்றலுடையது என்று முன்னறிந்து கூறினார். தாம் செய்த சோதனைகளில் அவர் வெற்றி காணவில்லை. கலங்கள் சில காலம் உயிரோடிருந்தனவே அன்றிப் பிரியவில்லை. அவை பிரிவதற்கு வேண்டிய ஊக்கிகள் அந்நாளில் அறியப்படவில்லை.

அவ்வூக்கி முதலிற் கிடைத்தது தேங்காயிலிருந்தே என்பதை யாழ்ப்பாணத்தார் அறிந்து மகிழலாம். 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் அவர்தம் குழுவினரும் ஊமத்தையின் மிக இளம் முளையங்களைத் தேங்காய் நீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்தனர். வித்தினுள் வளரும் முளையத்துக்குத் தென்னை தானே ஆக்கி வைத்த உணவு அந்நீர். ஆதலால் அது பிற செடியின் முளையத்துக்கும் உதவியதில் வியப்பில்லை. பின்னர், கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் எப். சி. ஸ்ருவாட் என்பார் கரட் கிழங்கின் சிறு துண்டுகளை அதே நீரில் இட்டுச் சுழற்றி வளர்த்தார். துண்டுகளிலிருந்து கலங்கள் தனித்தும் சிறு கொத்துகளாகவும் உதிர்ந்தன. 1958இல் அவரும் அவர் உடன்பணியாளரும், அக்கலக்கொத்துகளிலிருந்து வேரும் தண்டும் கொண்ட முழுக் கரட் செடிகள் வளர்ந்ததை வெளியிட்டனர். அதே காலத்தில் ஜேர்மனியில் ரைனேட் என்பாரும் கரட்டின் கலத்திரளில் முளையம் போன்ற உருவங்கள் தோன்றியதைக் கண்டார். மாரியில் நம் தோட்டங்களிலும் இடப்படும் எளிய கிழங்குப்பயிர் ஒன்றே இவ்வுண்மைக்கு முதற் சான்றாயிற்று.

இந்தியாவிலும் இப்பணி அக்காலத்திலேயே முன்சென்றது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேசுவரியின் கீழ் வளர்ந்த ஆய்வாளர் குழு இத்துறையில் உலகறிந்தது. 1958இல் மகேசுவரியும் ரங்கசுவாமியும் தோடைக் குடும்பத்தின் சூல்வித்து இழையத்தைக் கண்ணாடிக்குழாயில் வளர்த்து அதிலிருந்து முளையங்களைப் பெற்றனர். 1964இல் சிப்ரா குகாவும் சதீஷ் மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தக்கூட்டிலிருந்து, கருக்கட்டலின்றியே முளையங்கள் எழுவதைக் கண்டனர். அடுத்த ஆண்டிற் கோனாரும் நடராஜாவும், நீர்நிலை ஓரத்தில் வளரும் ஒரு சிறு செடியின் இளங்கன்றுகளில், தண்டின் மேற்றோலிலுள்ள தனிக்கலங்கள் வரிசை வரிசையாக முளையங்களாவதை எடுத்துக் காட்டினர்.

கலம் தன் போக்கை மாற்றும் விதம்

செடியின் ஒவ்வொரு கலத்திலும் அச்செடி முழுவதுக்குமான கட்டளை எழுதப்பட்டுள்ளது. காணி உறுதியொன்று பல பக்கங்களைக் கொண்டிருப்பினும், வேலிச் சண்டை வந்தபோது எல்லை கூறும் பக்கத்தை மட்டுமே புரட்டிப் பார்ப்பது போல, இலைக்கலம் இலைக்குரிய பகுதியையும் வேர்க்கலம் வேருக்குரிய பகுதியையும் மட்டுமே வாசிக்கின்றது. மற்றப் பக்கங்கள் அழிந்தனவல்ல, மூடப்பட்டுள்ளன. அக்கலத்தை அதன் அயலிலிருந்து பிரித்து, அதிர்ச்சிக்குள்ளாக்கி, ஏற்ற ஊக்கியையும் அளித்தால், மூடிய பக்கங்கள் திறக்கின்றன. கலம் தன் பழைய தொழிலை மறந்து, முதலிலிருந்து தொடங்குகின்றது.

ஆய்வுகூடத்தில் இது நடைபெறும் முறை பின்வருமாறு:

1. தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் இளம் பகுதியொன்றை வெட்டி, கிருமி நீக்கும் திரவத்தில் கழுவி, தூய கத்தியால் சிறு துண்டுகளாக்குவர்.

2. துண்டுகளை ஊடகத்தில் வைப்பர். முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962இல் வகுத்த ஊடகம் இன்றும் பெருவழக்கிலுள்ளது. அது நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலிய உப்புகளும், சில உயிர்ச்சத்துகளும், லீற்றருக்கு 30 கிராம் சீனியும் கொண்டது. கடற்பாசியிலிருந்து பெறும் ஏகாரால் அது இறுக்கப்படும். 121 பாகை சதம வெப்பத்தில் அமுக்க ஆவியால் கிருமி நீக்கப்படும். ஒரு பூஞ்சண வித்தி உட்புகுந்தாலும் குடுவை முழுவதும் கெட்டுவிடும்.

3. ஊடகத்தில் ஒட்சின் என்னும் ஓமோன் வகையைச் சேர்ப்பர். பெரும்பாலும் அது 2,4-டி ஆகும். நெல் வயல்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல விசிறப்பட்ட அதே இரசாயனம், லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவில் கலங்களைப் பிரியத் தூண்டுகின்றது. கிழமைகள் செல்ல, வெட்டுவாயில் ஒழுங்கற்ற கலத்திரள் பெருகும். அதனுள்ளே முளையமாகும் ஆற்றலுடைய கலங்கள் சிறியனவாயும் உட்பொருள் செறிந்தனவாயும் கூட்டமாக இருக்கும்.

4. பின்னர் 2,4-டியை நீக்குவர் அல்லது குறைப்பர். இதுவே திருப்புமுனை. ஒட்சின் இருக்கும்வரை பெருகிக்கொண்டிருந்த கலங்கள், அது நீங்கியதும் உருக்கொள்ளத் தொடங்குகின்றன. முதலில் உருண்டை, பின் இருபுறமும் வித்திலைகள் எழுந்து இதய வடிவு, அதன்பின் நீண்ட வடிவு. இரட்டை வித்திலைத் தாவரத்தின் வித்தினுள் நிகழும் அதே படிகள் இங்கே குடுவையினுள் நிகழ்கின்றன.

5. முதிர்ந்த முளையங்களை வேறு ஊடகத்தில் முளைக்க வைத்து, ஒளியில் வளர்த்து, பின் ஈரம் மிகுந்த நிழற்கூடத்தில் பையில் நட்டுப் படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்குவர்.

இம்மாற்றத்தை நடத்தும் பரம்பரையலகுகள் சில இப்போது அறியப்பட்டுள்ளன. முளையமாகப் போகும் கரட் கலங்களை அடையாளங்காட்டும் அலகொன்று 1997இல் அறியப்பட்டது. 2002இல் கடுகினத்துச் செடியொன்றிற் கண்ட வேறோர் அலகு, சிறு செடிகளின் இலைகளிலேயே முளையங்களை எழச் செய்தது. அதனைக் கண்டோர் அதற்கு ‘பேபி பூம்’ எனப் பெயரிட்டனர். பிள்ளைகள் பெருந்தொகையாகப் பிறந்த காலத்தைக் குறிக்கும் அப்பெயர் மீண்டும் நெற்பயிரைப் பற்றிப் பேசுமிடத்து வரும்.

முளையமும் குருத்தும் ஒன்றல்ல

‘இழைய வளர்ப்புக் கன்று’ என விற்கப்படுவன யாவும் இவ்வாறு முளையத்திலிருந்து வந்தவை எனக் கொள்ளல் தவறு. வாழைக்கன்றுகள் பெரும்பாலும் கிழங்கின் குருத்து நுனியை வெட்டி, அதில் அடங்கியுள்ள மொட்டுகளைப் பெருகச் செய்து பெறப்படுவன. நோயற்ற விதையுருளைக்கிழங்குக்கு அடிப்படையாகும் செடிகளும் தண்டு நுனியிலிருந்தே வளர்க்கப்படுகின்றன. அங்கே முன்னரே உள்ள மொட்டு வளர்கின்றது. புதிய முளையம் தோன்றுவதில்லை. மொட்டுக்கு வேர் பின்னரே வருவிக்கப்பட வேண்டும். முளையமோ தண்டுமுனையும் வேர்முனையும் உடன்கொண்டே பிறக்கின்றது. தாய்த் துண்டோடு அதற்கு ஒட்டுறவில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. மொட்டிலிருந்து வரும் கன்றிற் குணமாற்றம் அரிது. கலத்திரளில் நெடுநாள் வளர்ந்தபின் வரும் கன்றிற் குணமாற்றம் நேரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் முளைய முறையில் ஒரு குடுவையிலிருந்து ஆயிரக்கணக்கிற் கன்று பெறலாம். மொட்டு இல்லாத அல்லது ஒரே மொட்டுள்ள செடிக்கு இது பெரும் உதவி. இவ்விரண்டின் நன்மை தீமைகளை எடைபோட்டே ஆய்வாளர் எம்முறையைக் கைக்கொள்வதெனத் தீர்மானிக்கின்றனர்.

தென்னையும் பனையும்

தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே. அதனை வெட்டினால் மரம் மடியும். ஆகவே தாயை அழியாமல் அதன் கலங்களைப் பெறுவது எவ்வாறு என்பதே தென்னை ஆய்வாளரின் நெடுநாட் சிக்கல். லுணுவிலையிலுள்ள இலங்கைத் தெங்கு ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர், பிரான்சிய ஆய்வாளருடன் கூடி, 2007இல் ஒரு வழியை வெளியிட்டனர். விரியாத பாளையிலுள்ள இளம் பெண்பூவின் கருக்கட்டாத சூலகத்தை எடுத்து, அதன் இழையத்திலிருந்து கலத்திரளும், அதிலிருந்து முளையங்களும், முளையத்திலிருந்து கன்றுகளும் பெற்றனர். ஒரு பாளை போயினும் மரம் போவதில்லை. அடுத்த பாளை வழமைபோல வரும்.

இம்முறை ஆய்வுகூடத்தில் வெற்றி கண்டதாயினும், இட்ட துண்டுகள் யாவும் முளையம் தருவதில்லை. தோன்றிய முளையங்கள் யாவும் கன்றாவதுமில்லை. காலமும் செலவும் மிகுதி. ஆதலால் தென்னங்கன்று வேண்டுவோர், நாற்றுமேடையில் முந்தி முளைத்து, கழுத்துத் தடித்து, விரைவில் இலை பிரியும் கன்றைத் தெரிந்தெடுக்கும் பழைய ஒழுங்கை இன்றும் கைவிடலாகாது.

பனையின் நிலை மேலும் கடினமானது. ஆணும் பெண்ணும் வேறு மரங்கள். வடலி வளர்ந்து பூக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை அது நுங்கு தரும் மரமா அன்றா என்பது தெரியாது. நல்ல பெண்பனையொன்றின் உடற்கலத்திலிருந்து முளையம் பெற்றால், அதிலிருந்து வரும் மரமெல்லாம் பெண்பனையே ஆகும். அத்தகைய பயன் எத்துணைப் பெரிது என்பதைப் பனங்கூடல் உடையோர் தாமே கணக்கிடலாம்.

பிழைத்த கன்றுகள் தந்த எச்சரிக்கை

புதுமை எதையும் பரீட்சியாது பெருநிலத்தில் இடலாகாது என்பதற்கு எண்ணெய்ப்பனையின் வரலாறு சான்று. 1970களில் பிரித்தானிய, பிரான்சிய ஆய்வுகூடங்களில் சிறந்த எண்ணெய்ப்பனைகளிலிருந்து முளைய முறையாற் கன்றுகள் பெறப்பட்டன. அவை மலேசியா முதலிய நாடுகளில் நடப்பட்டன. கன்றுகள் செழித்து வளர்ந்தன. எவர்க்கும் ஐயம் எழவில்லை. சில ஆண்டுகள் சென்று பூத்தபோதே, சிலவற்றின் பூக்கள் திரிந்து, பழத்தைச் சுற்றி மேலங்கி போன்ற மடல்கள் எழுந்தன. கடுமையாகத் தாக்குண்ட மரங்களிற் பழம் முதிராது உதிர்ந்தது. 1980களில் இக்குறை வெளிப்பட்டதும் அத்தொழில் பெரும் பின்னடைவு கண்டது.

காரணம் 2015ஆம் ஆண்டிலேயே துலங்கியது. மலேசிய ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் கண்டதன்படி, அம்மரங்களின் பரம்பரை எழுத்து மாறவில்லை. அவ்வெழுத்தின் மீது இடப்பட்டிருந்த இரசாயனக் குறி ஒன்று, கலம் வளர்க்கப்பட்ட காலத்தில் அழிந்திருந்தது. முன்னர்க் கூறிய உவமையிற் சொல்வதாயின், உறுதியின் வாசகம் அவ்வாறே இருந்தது. அதன் ஓரத்தில் இட்டிருந்த அடையாளம் போய்விட்டது. இப்போது அக்குறியைக் கன்றுப் பருவத்திலேயே சோதித்துத் தீய கன்றைக் கழிக்க வழியுண்டு. ஆயினும் அவ்வறிவு கிட்டுமுன் மரம் நட்டோர் இழந்த ஆண்டுகள் மீளா.

மாறாக, நன்கு பரீட்சிக்கப்பட்ட இடத்திற் பயன் விளைந்ததும் உண்டு. மத்திய அமெரிக்காவில் அரபிக்காக் கோப்பியின் கலப்பின மரங்கள் முளைய முறையாற் பெருக்கப்பட்டுக் கமக்காரரின் தோட்டங்களைச் சேர்ந்துள்ளன.

நெல்லும் உவரும்

நெல்லின் கலங்களும் இவ்வழிக்கு இணங்குவன. உமி நீக்கிய நெல்மணியை 2,4-டி கொண்ட ஊடகத்தில் இட்டால், முளையத்தை அடுத்த பகுதியில் மஞ்சள் நிறக் கலத்திரள் எழும். அதிலிருந்து முளையங்களும் கன்றுகளும் பெறலாம். ஊடகத்தில் உப்பைக் கலந்து, அதிற் பிழைத்த கலங்களிலிருந்து உவர் தாங்கும் நெல்லைப் பெற ஆய்வாளர் பலர் முயன்றனர். குடுவையிற் கலம் உப்பைத் தாங்கினும், வயலிற் செடி தாங்குமென்று சொல்வதற்கில்லை. செடிக்கு வேருண்டு, நீரை மேலிழுக்கும் இலையுண்டு, கலத்துக்கு அவையில்லை.

இதனினும் பயன் தந்தது மகரந்தக்கூட்டு வளர்ப்பு. இரண்டு நெல்லினங்களைக் கலந்தபின், அக்கலப்பின் மகரந்தக்கூடுகளை ஊடகத்தில் வளர்த்து வரும் கன்றுகளில், பல தலைமுறை தெரிவு செய்தே பெறக்கூடிய நிலைபேறு ஒரே முறையிற் கிட்டுகின்றது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இலங்கையரான தர்மவன்ச சேனாதீரவும் உடனாய்வாளரும் இவ்வழியில் உவர் தாங்கும் நெல்லொன்றை உருவாக்கினர். 1990களில் அது ‘பீக்கோல்’ என்னும் பெயருடன் அந்நாட்டுக் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. இலங்கையிலோ அம்பலாந்தோட்டையில் வழமையான கலப்பு முறையாற் பெற்ற ஏ.ரி. 354 முதலிய இனங்கள் உவர் தாங்குவனவாகப் பெயர் பெற்றவை. உவர் வயலுடையோர்க்கு இன்றைக்கு உதவுவன இத்தகைய இனங்களே.

கொம்பறையில் வைக்கத்தக்க கலப்பின விதை

கலப்பின விதையின் முதற் தலைமுறை மிக்க விளைவு தரும். அதன் விதையை மீண்டும் விதைப்பின், தாய் தந்தையரின் குணங்கள் பிரிந்து, பயிர் சீர் குலையும். ஆகையாற் போகந்தோறும் புதிய விதை வாங்க நேர்கின்றது. தேசி மரம் செய்வதைப் போல நெல்லும் கருக்கட்டாத முளையத்தைத் தன் மணியில் வைத்தால், கலப்பினத்தின் நற்குணம் தலைமுறைதோறும் மாறாது நிற்கும் அன்றோ?

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திற் கந்தேயும் வெங்கடேசன் சுந்தரேசனும் உடனாய்வாளரும் இவ்வெண்ணத்தை நெல்லில் மெய்ப்பித்து 2019இல் வெளியிட்டனர். மேலே கூறிய ‘பேபி பூம்’ அலகின் நெல்லுறவினர் ஒன்று, வழமையாக மகரந்தத்தின் வழியே வந்து முளையத்தைத் தொடக்கி வைப்பது. அதனை முட்டைக்கலத்திலேயே இயங்கச் செய்தபோது, கருக்கட்டலின்றி முளையம் தோன்றியது. அத்துடன் முட்டைக்கலம் தாயின் குணங்களைப் பாதியாக்காது முழுமையாகக் கொள்ளும்படி மூன்று அலகுகளையும் மாற்றினர். 2022இல் பிரான்சிய ஆய்வாளருடன் கூடி இதனைக் கலப்பின நெல்லிற் செய்தபோது, சில வரிசைகளில் 95 வீதத்துக்கு மேற்பட்ட விதைகள் தாயின் பிரதிகளாயிருந்தன. மணியின் மாப்பகுதி தோன்றுதற்கு மட்டும் மகரந்தம் வழமைபோல வேண்டும்.

இந்நெல் ஆய்வு நிலையைக் கடந்து கமக்காரர் வயலுக்கு வந்ததன்று. பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிர் என்பதால் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் பரீட்சையும் அதற்கு முன்னே நிற்கின்றன. எல்லா வயலிலும் ஒரே பிரதி நிற்குமாயின், ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே கொள்ளும் என்பதும் நினைக்கத்தக்கது. எவ்வாறாயினும், கமக்காரன் தன் கொம்பறையில் தானே விதை வைக்கும் உரிமை இவ்வாராய்ச்சியின் முடிவோடு கட்டுண்டுள்ளது. ஆகவே இதன் போக்கை அவன் கவனித்திருத்தல் தகும்.

கமக்காரர் செய்யத்தக்கன

1. தேசி, தோடை விதைகளை நாற்றுமேடையிற் செறிவின்றி இடுக. கன்றுகள் ஒரு சாண் வளர்ந்ததும் ஒப்பிட்டு நோக்குக. ஒரே உயரமும் ஒரே இலை வடிவும் உடையன பெரும்பாலும் தாயின் பிரதிகள். மிக நெட்டையானவற்றையும் மிகக் குட்டையானவற்றையும் இலை வேறுபட்டவற்றையும் பிடுங்கி எறிக. ஒரு விதையிற் பல கன்று எழுந்தால் வலியதை வைத்து மற்றவற்றைப் பிரித்து நடுக.

2. கலப்பின மிளகாய், தக்காளி முதலியவற்றின் விதையை அடுத்த போகத்துக்கு வைக்க வேண்டாம். விதை வைக்க விரும்புவோர் நிலைபெற்ற இனங்களைத் தெரிந்து பயிரிடுக.

3. இழைய வளர்ப்புக் கன்று வாங்குமுன் மூன்றைக் கேட்டறிக: தாய்ச்செடி எது? கன்று குருத்திலிருந்து வந்ததா, கலத்திரளிலிருந்து வந்ததா? அதே தாயின் கன்றுகள் முன்னர் எங்கேனும் காய்த்துக் கண்டதுண்டா? விடை கிட்டாத கன்றை மலிவு கருதி வாங்குதல் ஆகாது.

4. வாழைக்கன்றாயின், குட்டையானவை, ஒடுங்கிய இலையுடையவை, இலையில் வெளிறிய தேமல் உடையவை ஆகியவற்றை நடுமுன்னரே கழிக்க. கன்றுகளைச் சில நாள் நிழலில் வைத்துக் காற்றுக்குப் பழக்கி, பின்நேரத்தில் நட்டு, முதற் கிழமைகளில் நீரும் நிழலும் தவறாது அளிக்க.

5. புதிய இனமோ புதிய முறைக் கன்றோ எதுவாயினும் முதல் ஆண்டில் ஒரு பரப்பில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க. பழைய இனத்தை அருகே வைத்து ஒப்பிட்டு, நீர், பசளை, விளைவு ஆகியவற்றைக் குறித்து வைக்க.

6. உவர் தோன்றும் வயலில் இனத்தை மட்டும் நம்பியிராது, முதல் மாரிநீரை வரம்பிட்டுத் தேக்கி உப்பைக் கழுவி வெளியேற்றிய பின்னரே விதைக்க.

தாயைப் போலப் பிள்ளை வேண்டுமென்பது கமத்தொழிலின் பழைய ஆசை. அதனைத் தேசி மரம் தன் விதையில் மறைத்து வைத்திருந்தது. கரட் கிழங்கும் இளநீரும் அதனை வெளிக்கொணர்ந்தன. எண்ணெய்ப்பனை அதன் ஆபத்தைக் காட்டிற்று. கலம் பிரியும் வித்தையை ஆய்வுகூடம் அறியும். அதனால் வந்த கன்று உண்மையில் நன்றோ தீதோ என்று இறுதித் தீர்ப்புச் சொல்வது வயல். அவ்வயலைக் காத்து, நின்று நோக்கி, கண்டதைக் குறித்து வைக்கும் கமக்காரரின் கண்ணுக்கு ஈடான கருவி இன்னும் செய்யப்படவில்லை.